வழிந்த சிவப்பு

“யாருன்னு தெரியணும். தெரிஞ்ச நிமிஷமே வேலையை விட்டுத் தூக்கணும்” என்றார் முதலாளி சுப்புராஜ்.

ராஜபாளையத்தில் அவருடைய நூல் மில் வாசலில், தீபாவளி போனஸ் கேட்டுக் கூட்டம். அவர் கார் நுழைந்தபோது ஒரு கல் வந்து கண்ணாடியை உடைத்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அவர் நிறுத்தியிருந்த வீடியோக்காரன், ஸ்ரீவில்லிபுத்தூர் பொன்னுராஜ், அதைப் படம் பிடித்திருந்தான்.

ஆபீஸ் அறையில் கேசட் ஓடியது. பக்கத்தில் மேனேஜர் தனுஷ்கோடி. தொழிலாளிகளுக்கு முதலாளியைப் பிடிக்காது. மேனேஜரை அதைவிடப் பிடிக்காது.

கல்லெறிந்தது ஒரு பெண். கை தெரிந்தது, சேலை தெரிந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்புக் குழம்பு. பின்னால் யாரோ பிடித்திருந்த கொடியின் நிறம் கரை தாண்டி வழிந்திருந்தது.

முதலாளி மறுபடி ஓட்டினார். மறுபடி சிவப்பு.

தன் படத்தைக் குறை சொன்னால் பொன்னுராஜுக்குப் பொறுக்காது. விளக்கம் சொல்லாமல் இருக்கவும் வராது.

“மொதலாளி, கேசட்டுல வெளிச்சம் ஊசியில தச்ச மாதிரிப் பதியும். நெறம் அம்புட்டு நுணுக்கமாப் பதியாது, வெளக்கமாத்துல பூசுன மாதிரிதான். அதனால...”

“படத்தைக் கெடுத்துட்டுப் பாடம் எடுக்கியோ?” என்றார் தனுஷ்கோடி.

“கெடலை சார். மூஞ்சி உள்ளதான் இருக்கு. நெறந்தான் மேல...”

முதலாளி நிமிர்ந்தார். “இருக்கா?”

பொன்னுராஜ் டி.வி.யை நோக்கிக் கை நீட்டினான். தனுஷ்கோடி அந்தக் கையைப் பிடித்து இழுத்தார்.

“இவன் பேச்சைக் கேக்காதிய மொதலாளி. செட்டியார்பட்டிக் கல்யாணத்துல மாப்பிள்ளையைத் தலையில்லாம எடுத்தவன் இவன்.”

அப்படி ஒரு கல்யாணத்துக்குப் பொன்னுராஜ் போனதே இல்லை. அதை அவன் சொல்லத் தொடங்கினான்.

முதலாளி டி.வி.யை அணைத்தார். ஆள் தெரியாமல் யாரைத் தூக்குவது என்று அலுத்துக்கொண்டார். இனி மில் விசேஷம் எதற்கும் இவனைக் கூப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வராந்தாவில் பொன்னுராஜுக்குக் கண் கலங்கியது.

“ஒங்களுக்கு இதைப் பத்தி என்ன சார் தெரியும்? டி.வி.யில கலர்த் திருகை அடியோட கொறைச்சிருந்தா...”

தனுஷ்கோடி சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“கறுப்பு வெள்ளையாயிரும். மூஞ்சி துல்லியமாத் தெரியும். நேத்து நீ கேசட்டைக் குடுத்ததுமே வீட்டுல திருகிப் பாத்துட்டேன்.”

“பெறகு ஏன் சார் என்னைத் தடுத்திய?”

“கார்க் கண்ணாடியை மாத்திக்கிடலாம்லே. கல்லெறிஞ்சவள்னு பேராயிட்டா அவளுக்கு எந்த மில்லுல வேலை குடுப்பான்?”

இரண்டடி போனவர் திரும்பினார்.

“படம் நல்லாத்தாம்லே எடுத்திருக்க. அதான் பயந்துபோனேன்.”