முருகதாஸ் முடுக்கு

“அவனுக்க காருக்கு நம்ம வரிப்பணத்துல ரோடா? ஒருக்காலும் சம்மதிக்க மாட்டேன்!”

கிராம சபைக் கூட்டத்தில் முத்துநாயகம் எழுந்து நின்று முழங்கினார்.

அரசு ஒதுக்கிய நிதி ஒரே ஒரு காங்கிரீட் சாலைக்குத்தான் போதும். வயலோரமாக நடந்தால் முருகதாஸின் வீடு முதலில் வரும் அந்த மண் முடுக்குக்கா, ஏற்கெனவே நல்ல சாலை இருக்கும் மேலத்தெருவுக்கா என்பதே அன்றைய கேள்வி.

ஊராட்சித் தலைவி நேசம்மாள் வியப்போடு பார்த்தார். “அண்ணே, நீங்களா இப்பிடிச் சொல்லுதது?”

“நான்தான் சொல்லுதேன். முடுக்குக்கு முதல் வீட்டுக்காரன் பேரைத்தானே ஊரு சொல்லும்? இப்பவே அது முருகதாஸ் முடுக்கு. காங்கிரீட்டும் போட்டா, முருகதாஸ் ரோடுன்னு போர்டே வச்சிருவான்!”

ஒரு காலத்தில் இருவரும் ஒரே செங்கல் சூளையில் சுமை தூக்கியவர்கள். முருகதாஸ் துபாய்க்குப் போய்த் திரும்பிக் கார் வாங்கிய நாளிலிருந்து முத்துநாயகத்துக்குச் சாப்பாடு ருசிப்பதில்லை.

முருகதாஸ் மெதுவாக எழுந்தார். “கார் மெயின் ரோட்டுலயே கிடக்கட்டு அண்ணே. மழை பெஞ்சா ஆட்டோகூட உள்ள வராது. போன மாசம் சுனிதாவுக்குக் காலு ஒடிஞ்சப்ப, நாற்காலியில ரெண்டு மூங்கிலைக் கட்டியல்லா தூக்கிட்டுப் போனோம்?”

“பாத்தேன் மக்கா. உனக்க பெஞ்சாதி மகாராணி கணக்கால்லா பல்லக்குல போனா! அந்த நாற்காலியைப் பத்திரமா வச்சுக்கோ.”

கூட்டம் சிரித்தது. முருகதாஸ் தலைகுனிந்து உட்கார்ந்தார்.

தலைவி கைகளை எண்ணினார். ஒரே ஒரு கை வித்தியாசத்தில், மேலத்தெருவின் நல்ல சாலைக்கு மேலேயே இன்னொரு சாலை போடுவதென்று தீர்மானமாயிற்று. எல்லோருக்கும் முன்பாக எழுந்ததும், எல்லோருக்கும் பின்பாகத் தாழ்ந்ததும் முத்துநாயகத்தின் கைதான்.

வெற்றிக் களிப்போடு அவர் வெளியே வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் செல்பேசி அலறியது. மறுமுனையில் மனைவி பகவதி.

“கேட்டியளா, நம்ம மக அஜிதாவுக்குப் பிரசவ வலி எடுத்துட்டு! ஆட்டோக்காரன் மெயின் ரோட்டுலயே நிக்கான், நம்ம முடுக்குச் சேத்துக்குள்ள இறங்க மாட்டேங்கான். நீங்க வீட்டுக்கு வாற வழியில முருகதாஸ் வீட்டுல ஏறி, அந்த நாற்காலியைக் கொஞ்சம் கேட்டு வாங்கிட்டு வாருங்க!”