முழுசா நிறுத்தணும்

சிரிப்பு இருக்கிறது, கடைசியில். அதுவரை மெஹருன்னிசாவோடு சேர்ந்து கொஞ்சம் வயிறெரியுங்கள்.

புருஷன் விட்டுப்போன ஒரே தோணி. மூன்று வயிறு அதை நம்பித்தான். பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மணல்திட்டில் ஏறி, பாய்மரம் முறிந்து, பலகை பிளந்தது.

"தோணி போனால் முழு விலை தருகிறேன்" என்று காப்புச் சீட்டு எழுதி, பயணத்துக்குப் பயணம் கட்டணம் வாங்கியவர் நீலமேகம். இப்போது, "க்கும்... உங்க மாலுமி தூங்கிட்டான்மா, பணம் கிடையாது" என்றார்.

ஒல்லாந்தர் கோட்டையில் தீர்ப்பானது: நீலமேகம் விலையைக் கொடுக்க வேண்டும், உடைந்த தோணி அவருக்கு.

தோணியை அன்றைக்கே இழுத்துப்போய்ப் பழுதுபார்க்கத் தச்சர்களை விட்டார். விலை மட்டும் வரவில்லை.

"எப்போ கேட்டாலும், 'க்கும்... இன்னிக்கு அஷ்டமி. க்கும்... இன்னிக்கு நவமி.' அந்தாளுக்கு மாசம் பூரா அஷ்டமி நவமிதான்!"

அதே செருமலோடு மெஹருன்னிசா சொல்லிக்காட்ட, துறையே சிரித்தது. அவளைத் தவிர.

பிறகுதான் தெரிந்தது, அவர் கடல் தாண்டிப் பத்தாவியா நியாயசபைக்கு மேல்முறையீடு போகிறாராம். மனு எழுதுவது கோட்டையில் மொழிபெயர்க்கும் துபாஷி சுப்பராயலு.

நேரே போய் நின்றாள். "இன்னா துபாஷி, அந்தாளு வெத்தலை அவ்ளோ ருசியா?"

அவர் நிமிரவில்லை. "ஒல்லாந்து எழுத்தும்மா. மெதுவாத்தான் வரும்."

"வரட்டும் வரட்டும். நாங்க பட்டினி கிடக்கிறோம், நீ நிதானமா எழுது!"

இரண்டு மாதம் கழித்துக் கரையில் பறை முழங்கியது. சுப்பராயலு கோட்டை உத்தரவு ஓலையைப் பிரித்தார்.

"பத்தாவியாவிலிருந்து பதில் வரும்வரை தீர்ப்பு முழுவதும் நிறுத்திவைக்கப்படுகிறது."

"பதில் எப்போ வரும்?"

"காத்து திரும்பி, கப்பல் திரும்பி... ரெண்டு வருஷம்."

"க்கும்... கேட்டுக்கிட்டியாம்மா?" நீலமேகம் இளித்தார்.

"நாசமாப் போவீங்கடா ரெண்டு பேரும்!" மண்ணை வாரித் தூற்றினாள்.

சுப்பராயலு மண் விழுந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தூத்தினது போதும். தோணியைத் தண்ணியில இறக்கும்மா."

"எந்தத் தோணி?"

"உன் தோணி. தீர்ப்பு நின்னா, அதை இவருக்குக் கொடுத்ததும் நின்னுபோச்சே. 'அரைகுறையா வேணாம், முழுசா நிறுத்தணும்'னு இவர்தானே அடிச்சுச் சொல்லி எழுதவெச்சார்."

நீலமேகம் கரையில் நின்ற தோணியைத் திரும்பிப் பார்த்தார். புதுப் பலகை. புதுப் பாய்மரம். நேற்றுத்தான் கட்டிய புதுப் பாய். க்கும் கூட இல்லாமல் கத்தினார்.

"அடப்பாவி துபாஷி! ஒத்தை மனுவை ரெண்டு மாசம் இழுத்தியே... நான் பாய் கட்டி முடிக்கட்டும்னா?"