பங்கிராஸ் நடத்திய கிரிக்கெட் பாடம்

“நல்லாக் கேட்டுக்க. ஆறு பந்து போட்டா ஒரு ஓவரு. அம்பது ஓவருக்கு ஒரு டீம் அடிக்கும். அவுக எடுத்ததுக்கு மேல ஒரு ரன்னு கூட எடுத்துட்டா அடுத்த டீம் ஜெயிச்சிரும். அம்புட்டுதான் கிரிக்கெட்டு.”

“அம்புட்டுதானா? இதுக்கா முப்பது வருசமா மேட்ச் நேரத்துல என்னய வாயத் தொறக்க விடல?” என்றாள் மதலேனாள்.

பங்கிராஸ் அதைக் கேளாதவர்போல் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். மூன்று மணிக்குப் பெண்கள் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். கல்யாணமாகி முதல் தடவையாக, கிரிக்கெட் சொல்லித் தரச் சொல்லி மனைவி தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

ராயப்பன்பட்டியில் கிரிக்கெட் என்றால் பங்கிராஸ்தான் என்பது பங்கிராஸின் கருத்து. கல்லூரி அணியில் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் சுமந்த அனுபவம் அவருக்கு உண்டு.

தெருவிலேயே முதல் கலர் டிவி இந்த வீட்டுக்கு வந்த காலத்தில், மேட்ச் நாளன்று வாசலில் கால் வைக்க இடமிருக்காது. எல்லோரும் தரையில் இருக்க, இவர் மட்டும் நாற்காலியில் அமர்ந்து விளக்கம் சொல்வார். மதலேனாள் அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருப்பாள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் பிள்ளைகளோடு கோயம்புத்தூர், திருப்பூர் என்று போய்விட்டார்கள். மீதிப் பேர் ஆளுக்கொரு செல்போனில் பார்க்கிறார்கள். போன உலகக் கோப்பையில் ஒரு சிக்ஸருக்கு எழுந்து நின்று கைதட்டிவிட்டுத் திரும்பினால், சுவர்தான் இருந்தது. இன்றைக்காவது பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் அவருக்கு.

“உலகக் கோப்பைனா சும்மாவா? நாலு வருசத்துக்கு ஒரு தடவ. ஒலகமே தெரண்டு வந்து மோதும்!”

“ஒலகம்னா எத்தன நாடு?”

“இந்தத் தடவ எட்டு.”

“எட்டுதான் ஒலகமா?”

பங்கிராஸ் தொண்டையைக் கனைத்தார். “மத்ததெல்லாம் முன்னாடியே கழிஞ்சு போச்சு.”

“சரி, எல்பி எல்பினு கத்துறாகளே, அது என்ன?”

“ஸ்டம்புக்குப் போற பந்தக் காலக் குடுத்து மறிச்சா அவுட்டு. நாங்க ஆடுன காலத்துல ஒரு தடவ...”

“அது கெடக்கட்டும், சுருக்கமாச் சொல்லுங்க. எப்பக் கைதட்டணும்?”

“தரையில படாம கயித்தத் தாண்டுனா ஆறு, பட்டுத் தாண்டுனா நாலு. ரெண்டுக்கும் தட்டலாம்.”

அவள் உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அந்த அக்கறையில் பங்கிராஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் காலத்தில் ஒரு நாள், டீயோடு வந்தவள் அம்பயரைக் காட்டி, ‘அந்தத் தொப்பிக்காரரு மட்டும் ஏன் ஓடாமலே நிக்கிறாரு?’ என்று கேட்டாள். கூட்டமே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவர் இவர்தான்.

“அன்னைக்கே ஒனக்குச் சொல்லிக் குடுத்திருக்கணும் மதலேனா.”

“இப்பவும் ஒன்னும் கெட்டுப்போகல,” என்றாள் அவள்.

அப்போது தெருவிலிருந்து மொக்கம்மாளின் குரல் கேட்டது. மகளிர் சங்கத் தலைவி.

“சமுதாயக் கூடத்துல பெரிய திரை கட்டியாச்சு! மைக்கும் வந்திருச்சு. சனம் நெறஞ்சு கெடக்கு, ஒருத்திக்கும் ஆட்டம் வெளங்கல. வெளக்கஞ் சொல்ல ஒடனே கெளம்பி வாங்க!”

பங்கிராஸ் துள்ளி எழுந்தார். மறுபடியும் ஒரு கூட்டம்! அதுவும் மைக்கோடு! வேட்டியை உதறிக் கட்டி, தலையைச் சீவி, நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். மதலேனாள் அவருக்கு முன்பே தெருவில் நின்றிருந்தாள்.

“அண்ணே, நீங்க எங்க?” என்று மொக்கம்மாள் மறித்தாள். “மைக்கு மதினிக்குல்ல! ஆம்பளைக வரக்கூடாதுன்னு சங்கத்துல தீர்மானமே போட்டாச்சு. உள்ள விட்டா, ஆட்டத்தப் பாக்க விடாம வெளக்கஞ் சொல்லியே கொன்னுருவாகளாம்.”

“எவ கொண்டாந்த தீர்மானம் அது?” என்று சீறினார் பங்கிராஸ்.

“நாந்தாங்க,” என்றாள் மதலேனாள்.