வெயிலில் ஓடிய பெட்டி

ஒரு வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி மொட்டைமாடி வெயிலில் ஓடிக்கொண்டிருந்தது. அறைச்சுவரில் இருந்த உள்பெட்டி குழாய் வழியே அதட்டியது. "அறையே குளிரல. அங்க என்ன தூங்கறியா?"

"காலையிலேருந்து ஓடிக்கிட்டேதாங்க இருக்கேன்."

ஒரு மாதம் இப்படியே போனது. வெளிப்பெட்டி மூச்சிரைக்க ஓடியும் திட்டு குறையவில்லை. கோளாறு தன்னிடம்தான் என்று அதுவே நம்பிவிட்டது.

ஒருநாள் மெக்கானிக் வந்தார். உள்பெட்டியைத் திறந்து, கம்பளிபோல் தூசி அப்பியிருந்த ஃபில்டரை உருவினார். மாடிக்குக் கொண்டுவந்து, வெளிப்பெட்டியின் எதிரிலேயே குழாயடியில் கழுவினார். திரும்ப மாட்டியதும் அறை சில்லென்று ஆனது.

"பாத்தியா? நாலு வார்த்தை திட்டினாத்தான் உனக்கு வேலை ஓடுது" என்றது உள்பெட்டி.

வெளிப்பெட்டிக்கு வாதாடத் தெம்பில்லை.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து ஓடியது.