சீனி போடாத காபி

ஸ்டாண்டைச் சரியாகப் போடாமலே செந்தூர்பாண்டி இறங்கியதில், ஸ்கூட்டர் ஆஸ்பத்திரிச் சுவரில் போய்ச் சாய்ந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூடைக்குள் இருந்த பிளாஸ்க்கை மட்டும் எடுத்தார். மூடியைச் சுற்றி எறும்பு. ஊதித் தள்ளிவிட்டுப் படியேறினார்.

இன்றைக்கு அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட வேண்டும்.

அவன் என்றால் முத்துச்செல்வம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். மில்லர்புரத்தில் செந்தூர்பாண்டியின் மளிகைக்கடைக்குப் பின்தெருவில் வீடு. சர்க்கரை வந்த ஐந்து கிழவர்கள் விடிந்ததும் சேர்ந்து நடப்பதற்கு ‘சுகர் சங்கம்’ என்று பெயர் வைத்ததே அவன்தான். தலைவர், காவலர், நீதிபதி எல்லாம் செந்தூர்பாண்டி.

சங்கத்துக்குச் சட்டம் ஒன்றுதான். சீனியைத் தொடக் கூடாது.

கல்யாண வீட்டுப் பந்தியில் கேசரி வாளி வரும்போது செந்தூர்பாண்டி சாப்பிட மாட்டார். யார் இலையில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். நடை முடிந்ததும் எல்லோருக்கும் கடையில் அவர் கையாலேயே காபி. ஒரு பொட்டுச் சீனி கிடையாது. முத்துச்செல்வத்துக்கு மட்டும் இன்னொரு டம்ளர், சாயங்காலமும் வந்தால் அப்போதும் ஒன்று. அவன் மேல் அப்படி ஒரு பிரியம்.

இவ்வளவு செய்தும் அவனுக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. காலில் வந்த புண் ஆறவில்லை.

நாளைக் காலையில் முழங்காலுக்குக் கீழே எடுக்கப் போகிறார்களாம்.

மற்ற மூன்று பேருக்கும் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. அவர்களையும் நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார். சத்தியம் செய்தார்கள், அவர் நம்பவில்லை. தனக்கு மட்டும் அவர் ரத்தம் எடுத்துப் பார்ப்பதில்லை. தன் உடம்பு தனக்குத் தெரியும் என்பார்.

முத்துச்செல்வம் மாத்திரை தவறியதில்லை. நடை தவறியதில்லை. அப்படியானால் திருட்டுத் தீனிதான். வேறென்ன?

வார்டுக்குள் நுழைந்ததும் முத்துச்செல்வத்தின் மனைவி இசக்கிசெல்வி ஸ்டூலை விட்டு எழுந்தாள். அவளை அவர் கவனிக்கவில்லை.

“ஏலே, உண்மையச் சொல்லு. எங்கன போயி என்னத்தலே தின்ன?”

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“தொண்டத் தண்ணி வத்துத வரைக்கும் கத்துனேம்லாலே. இவன் சங்கம் நடத்துன லட்சணத்தப் பாருன்னு ஊரே சிரிக்கி!”

முத்துச்செல்வம் அவர் கையிலிருந்த பிளாஸ்க்கைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். தலையணை மேல் தூக்கி வைத்திருந்த கட்டுப்போட்ட காலையும் பார்த்தான்.

“ஆமா அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல லட்டு வாங்கித் தின்னேன்.”

இசக்கிசெல்வி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

“சும்மா இருளா.”

செந்தூர்பாண்டிக்கு வந்ததே கோபம். லட்டுக்குக் காலை விற்றவன் என்றார். கூட நடந்தவன் முதுகில் குத்தியவன் என்றார். நாக்கை அறுத்துக் கடலில் போடச் சொன்னார். நடுவில் அழுகை வந்துவிட்டது. அதற்கும் சேர்த்து அவனையே திட்டினார். முத்துச்செல்வம் தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

மூச்சு வாங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தார். கோபம் கோபமாக இருந்தாலும் அவன் வெறும் வயிற்றோடு கிடப்பதை அவரால் பார்க்க முடியாது.

“இந்தா, குடிச்சுத் தொலை. ராத்திரிக்கு மேல பச்சத்தண்ணி தர மாட்டாங்க.”

மூடியில் ஊற்றி நீட்டினார். பழக்க தோஷத்தில் முத்துச்செல்வம் கையை நீட்டினான். இசக்கிசெல்வி அதை இடையில் பறித்துக்கொண்டு போய் வாஷ்பேசினில் கொட்டினாள்.

“ஏளா! கிறுக்கு பிடிச்சிருக்கா? சீனி போடாத காபிளா அது! சுத்தமான உடன்குடிக் கருப்பட்டி, என் கையால தட்டிப் போட்டது. சர்க்கரைக்கு மருந்துளா!”

அவள் திரும்பினாள். அந்த முகத்தில் அப்படி ஒரு கோபத்தை அவர் இதுவரை பார்த்ததில்லை.

“இவிய தினமும் என்ன குடிப்பாவன்னு டாக்டரம்மா காலையில கேட்டாவ, அண்ணாச்சி. உங்க காபியச் சொன்னேன். சீனியும் கருப்பட்டியும் ரத்தத்துக்கு ஒண்ணுதாம்னு சொல்லிட்டாவ.”

பிளாஸ்க்கை எடுத்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். கழுத்தைச் சுற்றி மறுபடியும் எறும்பு ஏறியிருந்தது.

“இந்த எறும்புக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியாமப் போச்சே.”

செந்தூர்பாண்டி அந்த எறும்புகளையே பார்த்தார். நாளை விடிந்தால் மூன்று பேர் கடை வாசலில் வந்து டம்ளருக்குக் கை நீட்டுவார்கள்.

அத்தனை கோபமும் அப்படியே இருந்தது. எடுத்து யார் மேல் போடுவது என்றுதான் தெரியவில்லை. பழக்கத்தில் அதையும் அவன் மேலேயே போட்டார்.

“அப்ப எதுக்குலே லட்டுன்னு பொய் சொன்ன?”

முத்துச்செல்வம் காலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

“நாளைக்கு இது போயிரும். நீங்களும் மொகத்தக் காட்ட முடியாம வராம இருந்துட்டா, நான் யாரப் பிடிச்சு நடக்க, அண்ணாச்சி?”