பாறைமேல் சிக்னல்

“கீழ நின்னா தமிழ்நாட்டு டவர்தான் இழுக்கும்ண்ணா! பாறை மேல ஏறு, அங்கதான் நம்ம ஆந்திரா சிக்னல் கெடைக்கும்!” நாகையா அலறினான்.

கடலைக் கொல்லையில் அவன் மனைவி கமலம்மாவைப் பாம்பு கடித்துவிட்டது. நூற்றியெட்டுக்குப் போட்டால் எல்லைக்கு அந்தப் பக்கம் போய் மணியடிக்கிறது.

ஐம்பதைத் தாண்டிய சின்னப்பன், செல்லை வாயில் கவ்விக்கொண்டு பாறையில் ஏறினார். காலையில்தான் நாகையா அவரைச் சீண்டியிருந்தான். “உம் பொண்ணு தேன்மொழி ஐதராபாத்துல என்னாண்ணா வேல செய்யுது? போன்ல பேசிக்கினு கீறதுக்கு ஒரு சம்பளமா?”

என்ன வேலை என்று அவருக்கே சரியாகத் தெரியாது. கேட்டால், “போன்ல பேசுறதுதான் நைனா” என்று சிரிப்பாள். அந்தச் சீண்டல் இன்னும் சுட்டது.

“செப்பண்டி, ஏ ஊரு?” என்று தெலுங்கில் ஊரைக் கேட்டது போன்.

சந்தையில் தெலுங்கில் பேரம் பேசிப் பின்னியெடுப்பவர்தான். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. “ஒக்க நிமிஷம்” என்று, தமிழ் தெரிந்த ஒருத்தியிடம் இணைப்பைக் கொடுத்தார்கள்.

காற்றின் இரைச்சலில் அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. “பதறாம சொல்லுங்க. யாருக்கு, என்ன?”

“நாகையா பொண்டாட்டியப் பாம்பு கடிச்சிடுச்சும்மா! கால்ல. கயிறு போட்டு இறுக்கட்டுமா?”

“வேணாம். கத்தியும் வைக்காதீங்க. காலை ஆட்டாம படுக்க வைங்க. நடக்க விடாதீங்க. வண்டி கெளம்பிடுச்சு.”

ஒவ்வொன்றையும் சின்னப்பன் கீழே பார்த்துக் கத்தினார். யார் பேச்சையும் கேட்காத நாகையா, கையிலிருந்த கயிற்றை வீசிவிட்டு அப்படியே செய்தான்.

“வழி சொல்லட்டுமாம்மா?”

“தேவையில்ல. ஏரிக்கரை ரோடு ஒடைஞ்சிருக்கும். கெங்கையம்மன் கோயில் வழியா வரச் சொல்லிட்டேன்.”

எங்கோ தொலைவில் இருப்பவளுக்கு ஏரிக்கரை எப்படித் தெரியும்? யோசிக்க அவருக்கு நேரமில்லை. வண்டி வரும்வரை அவள் போனை வைக்கவுமில்லை.

கமலம்மாவை ஏற்றியவர், “நேரத்துல கூப்பிட்டீங்க, பொழைச்சுக்குவாங்க” என்றார். நாகையா கண்ணைத் துடைத்துக்கொண்டே மேலே பார்த்துக் கும்பிட்டான். “போன்ல பேசின அந்த மகராசி யாருண்ணா? அவ நல்லா இருக்கணும்!”

“யாரும்மா நீ?” என்று போனில் கேட்டார் சின்னப்பன்.

“மொதல்ல பார்த்து எறங்கு நைனா, மேற்கால பாறை வழுக்கும்.”

சின்னப்பன் இறங்கவில்லை. உச்சியில் நிமிர்ந்து நின்று, ஊருக்கே கேட்கும்படி கத்தினார்: “போன்ல பேசிக்கினு கீறதுக்குச் சம்பளம் வாங்குறாளே, அவதான்டா!”