சிவப்புக் காலர்

ஜாக்கெட்டைக் காணவில்லை.

டிவியில் அந்தக் குட்டி நாட்டு வீரர்கள் கொடியைப் பிடித்துக்கொண்டு, பனிக்குள் சிரித்தபடி வந்துகொண்டிருந்தார்கள். நீல ஜாக்கெட், சிவப்புக் காலர் என்று கேன்டீனில் கண் இமைக்காமல் காத்திருந்த நூறு பேருக்கும் பகீரென்றது. வந்தவர்கள் போட்டிருந்தது மஞ்சள்.

குளிர்கால விளையாட்டுத் தொடக்க விழாவில் அந்த அணி போட்டு நடக்க வேண்டிய ஜாக்கெட்டைத் தைத்தது இந்த அருள்புரம் கம்பெனிதான். தீபாவளி லீவைக்கூட விட்டுக்கொடுத்து முடித்த வேலை. விழாவைக் கேன்டீனில் பார்க்கலாமா என்று ஒரு வாரமாகக் கேட்டும் முதலாளி கந்தப்பன் பிடி கொடுக்கவே இல்லை. இன்று காலை அவர் மங்கலம் ஊர் வரைக்கும் போன நேரம் பார்த்து, டீ டைமில் சூப்பர்வைசர் வேல்குமார் மறு ஒளிபரப்பைப் போட்டுவிட்டான்.

காலர் தைத்தவள் ரைசா. டிவியில் என் காலர் வரும் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். மகளின் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வரைக்கும் சேதி போயாயிற்று.

டிவி சத்தம் கேட்டு, காரிலிருந்து இறங்கியதும் நேரே கேன்டீனுக்கு வந்தார் கந்தப்பன். மஞ்சள் ஜாக்கெட்டைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது.

"நம்ம ஜாக்கெட் எங்கீங்க?" ரைசாதான் கேட்டாள்.

"குடோன்ல இருக்குது. ஷிப்மென்ட் லேட்டாயிருச்சு. அவங்க வேண்டாம்னுட்டாங்க. தப்பு என்னுதுதான்."

கேன்டீனே கொதித்தது. வேல்குமார்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரைசாவோ விடுவதாக இல்லை. இத்தனை பேர் இடுப்பொடியத் தைத்துக் கொடுத்ததை நேரத்துக்கு அனுப்பக்கூடத் துப்பில்லையா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

"ஒருத்தரு அசால்ட்டா இருந்ததுக்கு நூறு பேரு மானம் போச்சுங்க," என்றாள். எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

கந்தப்பன் போய் டிவியை அணைத்தார்.

பெல் அடித்து எல்லோரும் மெஷினுக்குத் திரும்பிய பிறகு, அவளை மட்டும் ஆபீசுக்கு வரச் சொன்னார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். போனால் போகட்டும், கேட்டது நியாயம்தானே.

அவர் டிராயரைத் திறந்து ஒரு சிவப்புக் காலரை எடுத்து வைத்தார். தையல் நடுவில் பிரிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவர். உள்ளே அரிசி நொய் அளவுக்கு ஓர் ஊசி முனை.

"லேட்டெல்லாம் ஒண்ணுமில்ல அம்மிணி. அவங்க ஊர்ல செக் பண்ணினப்போ இது காலருக்குள்ள இருந்திருக்குது. மொத்த லாட்டையும் திருப்பிட்டாங்க. பண்டில் நம்பரு பாத்தேன், தெச்சது நீதான்."

ரைசாவுக்கு ஊசி உடைந்த அந்த நாள் ஞாபகம் வந்தது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடிக் கொடுத்தால்தான் வேறு ஊசி தருவார்கள். அன்றைக்கு எவ்வளவு தேடியும் முனை கிடைக்கவில்லை. தைக்க வேண்டிய பீஸ் குவிந்து நிற்கிறதே என்ற அவசரத்தில், ஒரு பழைய ஊசியின் முனையை ஒடித்துக் கொடுத்துவிட்டாள். யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் இருந்தாள்.

"ஒரு புள்ளை கழுத்துல ஏறியிருந்தா என்னாயிருக்கும்? இனி கெடைக்கலீனா கெடைக்கலீன்னு சொல்லிப்போடு."

தலையை ஆட்டினாள்.

"இத அங்கியே சொல்லியிருக்கலாமுங்களே. அத்தனை பேரு முன்னால உங்கள அப்படிப் பேசிட்டனே..."

கந்தப்பன் காலரையும் கவரையும் டிராயரில் போட்டு மூடினார்.

"நூறு பேருகிட்ட ஏச்சு வாங்கிட்டு, நான் நாளைக்கும் இந்தச் சேர்ல வந்து உக்காந்துக்குவேன். உன்னால அந்த மெஷின் லைன்ல போயி உக்கார முடியுமா, கண்ணு?"